மீளத் தோன்றும் தோற் புற்றுநோய்: புல்மோட்டைக் கரையை முன்னிட்டு ஒரு விளக்கம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே அமைந்துள்ள புல்மோட்டை, அதன் கரைமணலாற் பெயர்பெற்ற ஊராகும். 1957ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கனியமணற் கூட்டுத்தாபனமும், 1992இல் அதன் வழிவந்த கம்பனியும் இம்மணலையே அகழ்ந்து பிரித்து ஏற்றுமதி செய்து வந்துள்ளன. இம்மணலில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு இல்மனைற்று. உரூற்றைலும் சேர்க்கனும் அடுத்த நிலையின. மொனசைற்று என்னும் கனியம் நூற்றுக்கு 0.3 பங்கு அளவிலேயே உள்ளது. அளவிற் சிறிதாயினும் மக்கள் மனத்திற் பெரிதாய் நிற்பது இம்மொனசைற்றே. அதில் தோரியம் உண்டு, தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது. ஆகவே, கரையில் உழைக்கும் ஒருவரின் முகத்திலோ காலிலோ ஆறாத புண்ணொன்று தோன்றி, வெட்டி அகற்றிய பின்னரும் மீண்டும் தலைகாட்டுமாயின், "மணல்தான் காரணம்" என்ற முடிவுக்கு வருதல் எளிதாகின்றது.

இம்முடிவு எவ்வளவு பொருத்தமானது, மீளத் தோன்றும் இந்நோயின் இயல்பு யாது, இதனோடு வாழ நேர்ந்தோர் செய்யத்தக்கன எவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோலின் நிறமிக் கலங்களிலிருந்து எழும் மெலனோமா என்ற கொடிய வகை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏனைய இரு பெருவகைகளான அடிக்கலப் புற்றுநோயும் செதிட்கலப் புற்றுநோயுமே பேசப்படுகின்றன.

இவ்விரண்டும் மேற்றோலில் எழுவன. மேற்றோலின் அடிவரிசையிலுள்ள கலங்களை ஒத்த கலங்கள் கட்டுமீறிப் பெருகுவது அடிக்கலப் புற்றுநோய். அயர்லாந்து மருத்துவரான ஆதர் யாக்கோப்பு 1827இல் இதனைத் தனிநோயாக விவரித்தார். எலி கறண்டினாற்போல் முகத்தை மெல்லமெல்ல அரித்துச் செல்வதால் மேனாட்டார் இதற்கு எலியின் பெயரையும் இட்டு வழங்கினர். இஃது உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுதல் மிக மிக அரிது. ஆனால் இடத்தை விட்டு நகராமலே மூக்கையும் கண்மடலையும் காதையும் அழிக்கவல்லது. செதிட்கலப் புற்றுநோய் மேற்றோலின் மேலடுக்குக் கலங்களிலிருந்து எழுவது. சற்று விரைந்து வளர்வது. நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேரளவில் நிணநீர்க் கணுக்களுக்கும் அப்பாலும் பரவுவது. முன்னது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை; பின்னது காலந்தாழ்த்தினாற் பறிக்கும். நம் வழக்கில் இரண்டுக்கும் "புற்று" என்ற ஒரே சொல் வழங்குவது ஓர் இடர்ப்பாடே. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எல்லாம் முடிந்தது என்று வீட்டார் கலங்குகின்றனர். அதனாலேயே நோயை மறைப்பாரும் உளர். உரிய காலத்தில் முழுமையாக அகற்றினாற் பெரும்பாலும் குணமாகும் நோய் இது என்பதை முதலிற் கூறிவிடல் வேண்டும்.

இனி மணலுக்கு வருவோம். கதிர்த்தொழிற்பாடும் தோற் புற்றுநோயும் தொடர்புடையன என்பதில் ஐயமில்லை. எக்சுக் கதிர்கள் 1895இற் கண்டுபிடிக்கப்பட்டன. ஏழே ஆண்டுகளில், 1902இல், அக்கதிர்க் குழாய்களோடு தொழில்புரிந்த ஒருவரின் கையில் தோன்றிய புற்றுநோய் யேர்மனியின் ஆம்பூர்க் நகரில் அறிவிக்கப்பட்டது. இரோசிமா, நாகசாக்கி நகரங்களிற் குண்டுவீச்சுக்குத் தப்பியோரிடம் அடிக்கலப் புற்றுநோய் மிகுந்திருத்தலும் நிறுவப்பட்டுள்ளது. எனினும் இவை குறுகிய காலத்திற் பெற்ற பெருங் கதிரளவின் விளைவுகள். கடற்கரை மணலிலிருந்து ஆண்டுக்கணக்கிற் சிறுகச் சிறுகப் பெறும் கதிரளவை இவற்றோடு நேரே ஒப்பிடுதல் முறையன்று.

நேரான ஒப்பீட்டுக்கு நாம் பாக்குநீரிணையைக் கடக்க வேண்டும். தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியில் 1909ஆம் ஆண்டில் சோம்பேர்க்கு என்ற யேர்மானியர் மொனசைற்றைக் கண்டறிந்தார். அதற்கு வடக்கே, கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் அதே வகை மணல் செறிந்துள்ளது. அங்குச் சில இடங்களில் ஆண்டொன்றுக்கு 70 மில்லிகிரே வரை காமாக்கதிர் அளவு பதிவாகியுள்ளது. அப்பகுதியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளிவந்தது. அக்காலத்தில் அவர்களுள் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. ஆயினும் மணற்கதிரின் அளவு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. இது தோற் புற்றுநோயைத் தனியே நோக்கிய ஆய்வன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் மணலே முதற்குற்றவாளி என்ற எண்ணத்துக்கு அது துணைநிற்கவில்லை. பௌதிக நியாயமும் இதனோடு இயைகின்றது. தோரியம் வெளிவிடும் அல்பாத் துணிக்கைகளிற் பெரும்பாலானவை தோலின் மேற்புறத்திலுள்ள இறந்த கலப்படையையும் அதனையடுத்த மெல்லடுக்கையுங் கடந்து அடிவரிசையை எட்டமாட்டா. கனியமணலைப் பொறுத்தவரை உண்மையாகக் கவலைகொள்ள வேண்டியது, உலர்த்திப் பிரிக்கும் ஆலைகளில் எழும் தூசு மூச்சோடு உள்ளே செல்வதைப் பற்றியே. அது நுரையீரல் சார்ந்த வேறொரு வினா. (இடைப்பிறவரலாக ஒன்று: இலங்கைத் தீவில் தோரியங் கலந்த கனியங்களின் ஆராய்ச்சிக்கு முன்னோடியாக நின்றவர், பின்னாளிற் கலையாராய்ச்சியாளராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமியே. தோரியனைற்று என்ற புதுக்கனியம் 1904இல் அறியப்பட்டமைக்கு அவர் கண்டெடுத்த மாதிரிகளே காரணம்.)

மணலை நோக்கும் கண்கள் அண்ணாந்து வானையும் நோக்குதல் தகும். புல்மோட்டை வடவகலக்கோடு ஒன்பது பாகைக்கு மிக அண்மையில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும், ஆண்டுக்கு இருமுறை, நண்பகற் சூரியன் அங்கு ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கும். இவ்வகலக்கோட்டில் முகிலற்ற நாட்களிற் கழியூதாச் சுட்டெண் நண்பகலில் 11ஐத் தாண்டுதல் வழமை. உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பில் இஃது உச்சநிலையாகும். கடல் நுரை கழியூதாக் கதிரில் நூற்றுக்கு 25 பங்கு வரையும் உலர்ந்த வெண்மணல் 15 பங்கு வரையும் தெறிக்கச் செய்வன. அரை மீற்றர் ஆழத்து நீருள்ளும் மேற்பரப்புக் கதிரின் 40 பங்கு எட்டும். கரைவலை இழுப்போரும் களப்பில் இறால் பிடிப்போரும் வயலில் நிற்போரும் இக்கதிரை மேலிருந்தும் கீழிருந்தும் பெறுகின்றனர். இக்கதிர் கலக்கருவிலுள்ள மரபுப்பொருளைச் சிதைக்கின்றது. கலம் அச்சிதைவைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்தம் பிழைத்த இடங்கள் ஆண்டுகள் பலவாகச் சேர்ந்து, கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபலகுகள் செயலிழக்கும்போது புற்றுநோய் தொடங்குகின்றது.

நம் தோலின் கருமை இதற்கு ஒரு கவசம். 1979இல் வெளிவந்த அளவீடொன்றின்படி, கருந்தோலினரின் மேற்றோல் தரும் காப்பு ஏறத்தாழ 13 மடங்கு. வெண்தோலினரின் மேற்றோல் தருவது மூன்றரை மடங்கும் இல்லை. அவுத்திரேலியாவில் இந்நோய் மலிந்திருக்க நம்மிடை அரிதாயிருப்பதன் காரணம் இதுவே. கவசமுண்டு என்பதாற் கவனமின்மை வளர்ந்ததுதான் நம் நாட்டுத் துன்பம். கருந்தோலில் அடிக்கலப் புற்றுநோய் தோன்றும்போது அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை தாமும் கருநிறமாகவே இருக்கும். மறு என்றும் பாலுண்ணி என்றும் அவை ஒதுக்கப்படுதல் இயல்பு. மேனாட்டு நூல்களிலுள்ள முத்துப்போன்ற இளஞ்சிவப்புக் கட்டியின் படத்தை வைத்துக்கொண்டு நம்மவர் தோலில் நோய் தேடுவார் அதனைக் காணார்.

கருந்தோலினரின் செதிட்கலப் புற்றுநோயைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. இக்கட்டுரையில் யான் மிக வற்புறுத்த விரும்புவதும் அதுவே. அவர்களிடம் அது வெயில் படும் இடத்தைவிட, பழைய தழும்பிலும் ஆறாப் புண்ணிலும் மிகுதியாக எழுகின்றது. தீக்காயத் தழும்பு, எலும்பழற்சியிலிருந்து சீழ்வடியும் துவாரம், தொழுநோயால் உணர்விழந்த பாதத்துப் புண், நெடுங்காலக் காற்புண் ஆகியனவே அதன் விளைநிலங்கள். இத்தகைய புண்கள் தடிப்பேறி மாறுவதைப் பிரெஞ்சு மருத்துவர் மார்சோலீன் 1828இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. உராய்வும் சூடும் கூடத் தழும்பையும் புற்றையும் விளைக்கும். காசுமீரத்தாரின் காங்கிரி என்னும் கணப்புச் சட்டி வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோயை விளைத்ததுண்டு; வேட்டியை இறுகக் கட்டிய இடுப்பில் எழுந்த புற்றுநோயைப் பம்பாயைச் சேர்ந்த நோயியலறிஞர் கனோல்கர் 1945இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். சாரத்தை ஒரே இடத்தில் இறுக்கி உடுத்தும் நம்மவர்க்கும் அச்செய்தி அயலன்று.

தழும்பிலிருந்து புற்று எழுவதற்குச் சராசரியாக 30 ஆண்டுகளுக்கு மேற் செல்லும் என்பது பல தொகுப்புகளிற் கண்ட முடிவு. இதனைக் கிழக்கின் அண்மை வரலாற்றோடு வைத்து நோக்குக. 2009 மார்ச்சு மாதத்தில் இந்திய அரசு அனுப்பிய வெளிக்கள வைத்தியசாலையொன்று புல்மோட்டையிலேயே இயங்கியது. வன்னிக் கரையிலிருந்து கப்பலிற் கொண்டுவரப்பட்ட காயமுற்றோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் எரிகாயமும் எறிகணைக் காயமும் உற்றோரின் தழும்புகளுக்கு முப்பது ஆண்டு நிறைவது 2039இல். 1980களிற் காயமுற்றோர்க்கோ அக்கெடு ஏற்கெனவே வந்து கொண்டிருக்கின்றது. காயம் ஆறிவிட்டது என்று கோவை மூடப்பட்ட எத்தனையோ பேருக்கு, தழும்பைக் கவனித்துவர வேண்டும் என்ற ஒரு சொல் கூறப்பட்டிருந்தாலன்றி, அதனை அவர்கள் தாமாக அறிய வழியில்லை. பழைய தழும்பு வெடித்து நான்கு கிழமைக்குள் ஆறாதிருத்தல், புண்ணின் ஓரம் தடித்து வெளிப்புறம் புரளுதல், துர்நாற்றம், தொட்டவுடன் குருதி கசிதல், புதிதாய் எழும் நோவு ஆகியன காணுமிடத்து மருந்து கட்டிக் காத்திருத்தல் தகாது. ஓரத்தின் பலவிடங்களிலிருந்து சிறுதுண்டெடுத்து இழையப் பரிசோதனை செய்தலே முறை. ஓரிடத்து மாதிரி மட்டும் எடுத்தாற் புற்று அகப்படாமற் போகலாம்.

இனி "மீளத் தோன்றுதல்" என்பதன் பொருளைத் தெளிவாக்க வேண்டும். நோயாளர் பலர் இரு வேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கருதி மயங்குகின்றனர். ஒன்று, வெட்டிய இடத்திலேயே மீண்டும் எழுதல். மற்றொன்று, வேறோரிடத்திற் புதிதாய் எழுதல். வயற்காரர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டால் அவ்விடத்திலேயே முளைக்கும். இது முதல் வகை. கிழங்கோடு பிடுங்கிய பின்னும் வயலெங்கும் விழுந்துகிடந்த விதைகளிலிருந்து வேறு களை முளைக்கும். இஃது இரண்டாம் வகை. முதலதற்குக் காரணம் அறுவையின் குறை அல்லது கட்டியின் மறைவேர். இரண்டாவதற்குக் காரணம் வெயிலுண்ட தோற்பரப்பு முழுவதும். முன்னதற்கு நன்கு வெட்டுதல் மருந்து. பின்னதற்கு எவ்வளவு நன்றாக வெட்டியும் பயனில்லை. வயலையே பேண வேண்டும்.

முதல் வகை பற்றிய எண்கள் தெளிவானவை. முதன்முறை தோன்றிய அடிக்கலப் புற்றுநோயை வழமையான முறையில் வெட்டியபின் ஐந்தாண்டுக்குள் அவ்விடத்திலேயே மீண்டது நூற்றுக்குப் பத்தளவில் என 1989இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. ஒருமுறை மீண்டதை மறுபடி வெட்டியபோது அது 17க்கு மேல் உயர்ந்தது. ஆகவே முதல் வெட்டே தலையாய வெட்டு. மீண்டவற்றுள் மூன்றிலிரண்டு பங்கு முதல் மூன்றாண்டிற் புலப்படினும், ஐந்தாண்டுக்குப் பின்னர்ப் புலப்படுவனவும் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ளன. பிரெடெரிக் மோசு என்ற அமெரிக்கர் 1930களில் வகுத்த முறையில், வெட்டியதன் ஓரம் முழுவதையும் உடனுக்குடன் நுணுக்குக்காட்டியிற் பார்த்து, எச்சமுள்ள பக்கத்தில் மட்டும் மேலும் வெட்டுவர். அதில் மீள்வு முதன்முறைக் கட்டிக்கு நூற்றுக்கு ஒன்றளவிலும், மீண்ட கட்டிக்கு ஐந்து ஆறளவிலும் நின்றது. அம்முறைக்கு வேண்டிய பயிற்சியும் ஆய்வுகூடமும் எங்குமிருப்பன அல்ல. அஃதில்லாவிடத்துச் செய்யத்தக்கது, சிறிய தெளிவான கட்டியைச் சுற்றி நான்கு மில்லிமீற்றரும், ஆபத்துமிக்க செதிட்கலக் கட்டியாயின் ஆறு மில்லிமீற்றரோ அதற்கு மேலுமோ நற்றோலையுஞ் சேர்த்து வெட்டுதலும், வெட்டியதைத் தவறாது நோயியற் பரிசோதனைக்கு அனுப்புதலும் ஆகும். "வெட்டோரத்திற் புற்றுக்கலம் உண்டா, இல்லையா" என்பதே நோயாளர் கேட்டறிய வேண்டிய முதல் வினா. தையல் பிரித்த நாளோடு திரும்பி வாராதவர், அவ்விடை எழுதப்பட்ட அறிக்கையைக் காணாமலே போய்விடுகின்றார்.

இரண்டாம் வகைக்கு வருவோமாயின், வெண்தோலினரிடை அடிக்கலப் புற்றுநோய் ஒருமுறை கண்டவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மூன்றாண்டுக்குள் அதே வகையில் இன்னொன்று தோன்றியதென்றும், செதிட்கல வகைக்கு அது 18 என்றும் 2000ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பொன்று கணித்தது. இவ்வெண்களை அப்படியே நம்மவர்க்குப் பொருத்தல் தவறாகும். ஆயினும் நிறமியற்றுப் பிறந்தோர்க்கு இவை பொருந்துவன. அவர்க்கு இவை குறைவும் ஆகலாம். மெலனின் அற்ற அப்பிள்ளைகள் கடற்றொழிற் குடும்பத்தில் பிறந்து, ஏனைய பிள்ளைகளோடு கரையில் வளர்வாராயின், இளமையிலேயே செதிட்கலப் புற்றுநோய்க்கு ஆளாதல் கூடும். மரபுப்பொருளைத் திருத்தும் ஆற்றல் குன்றிய வேறொரு பிறவிநோயும் உண்டு; 1870களில் வியன்னாவில் கப்போசி அதனை விவரித்தார். அதற்கு ஆளான குழந்தைக்குப் பத்து வயதுக்கு முன்னரே கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இவ்விரண்டும் தாய்தந்தை இருவழியிலும் வரும் குறைகள் ஆதலின், மச்சான் மச்சாள் உறவில் மணம் பெருகிய ஊர்களில் மிகுதல் எதிர்பார்க்கத்தக்கதே. இத்தகைய பிள்ளைக்கு முதல் மருந்து நிழலும் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும். பள்ளிக்கூட விளையாட்டு நேரத்தைக் காலைக்கோ மாலைக்கோ மாற்றிக் கொடுக்கும் ஆசிரியர் அப்பிள்ளைக்கு ஒரு வைத்தியரே.

வயலைப் பேணும் வழிகளுட் சில ஆய்வால் நிறுவப்பட்டவை. அவுத்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் நடந்த ஆய்வில், வெயிற்காப்புக் களிம்பை நாடோறும் பூசியோரிடம் செதிட்கலக் கட்டிகள் நூற்றுக்கு நாற்பதளவு குறைந்தன; அடிக்கல வகையில் வேறுபாடு காணப்படவில்லை. களிம்பின் விலையை நோக்குமிடத்து, கடற்றொழிலாளர்க்கு நெருங்க நெய்த முழுக்கைத் துணியும் பனையோலைத் தொப்பியுமே நடைமுறைக்கு ஏற்றவை. உயிர்ச்சத்து பி3இன் ஒருவகையான நிக்கொற்றினமைட்டை நாளொன்றுக்கு இருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஓராண்டு உண்டோரிடம் புதுக்கட்டிகள் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தன என்று 2015இல் சிட்னியிலிருந்து அறிவிக்கப்பட்டது. அவ்வாய்வில் 386 பேர் பங்குபற்றினர். மாத்திரையை நிறுத்தியதும் பயனும் நின்றது. வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கி உண்ணத்தக்கதன்று. புளோரோயுராசில் களிம்பு முன்புற்றுத் தடிப்புகளைக் கரைக்கவல்லது. பூசிய சில கிழமைகளுக்குத் தோல் சிவந்து புண்ணாதல் அதன் தொழிலே என்பதை முன்கூட்டிச் சொல்லாவிடின் நோயாளர் இடையில் எறிந்துவிடுவர்.

நாட்டு மருந்து பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டியின்மேற் கள்ளிப்பால் இடும் வழக்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. கள்ளிக் குடும்பத்துச் சிறுசெடியொன்றின் பாலிலிருந்து எடுத்த மருந்து 2012இல் அமெரிக்காவில் முன்புற்றுத் தடிப்புக்கு அங்கீகாரம் பெற்றது. ஆனால் பூசிய இடத்திலேயே செதிட்கலப் புற்று மிகக்கூடும் என்ற ஐயத்தால் 2020இல் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே குடும்பத்து நேர்வாளத்தின் எண்ணெய்தான், தொடங்கிவைத்த புற்றை வளரச்செய்யும் பொருளாக 1940களில் எலித்தோலிற் சோதிக்கப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது. சுட்டெரிக்கும் மருந்துகளின் பெருந்தீங்கு மேற்புறத்தை ஆற்றி உள்வேரை மறைத்துவிடுதலே. மேலே தழும்பு அழகாய் இருக்கும். கீழே எலும்பு வரை போய்விடும். பாடாணம் சேர்ந்த மருந்துகளை நெடுநாள் உண்டோர்க்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முட்போன்ற தடிப்பும், பின்னர்ப் பலவிடங்களிற் புற்றும் எழுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. அதே கேட்டை நிலத்தடிநீர் வழியாக மேற்கு வங்கத்தார் அடைந்தனர். ஆதலால் மீண்டும் மீண்டும் கட்டி எழும் ஒருவரிடம் அவர் உண்ட மருந்துகளின் வரலாற்றையும் வைத்தியர் கேட்டறிதல் வேண்டும்.

இறுதியாக, தொடர்கவனிப்பு. அடிக்கல வகைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், செதிட்கல வகைக்கு முதலிரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தோல் முழுவதையும், பின்னதற்கு நிணநீர்க் கணுக்களையுஞ் சேர்த்துப் பார்ப்பித்தல் பொதுவிதி. புல்மோட்டையார்க்கு ஒவ்வொரு வரவும் திருகோணமலைக்கு ஒருநாட் பயணம். ஒருநாட் கூலி இழப்பு. கதிர்ச்சிகிச்சை வேண்டின் மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ போன்ற தொலைவிடங்களுக்குச் செல்ல நேரலாம். நோவில்லாத ஒரு கட்டிக்காக இவ்விழப்பை ஏற்க மறுப்பாரைக் குறைகூறுதல் எளிது, நியாயமன்று. இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாதத்தில் ஒருநாள் குறித்து, நல்ல பகல் வெளிச்சத்தில், காதின் பின்புறம், பிடரி, முதுகு, கால்விரலிடுக்கு, பழைய தழும்புகள் ஆகியவற்றை மனைவியோ மகனோ பார்க்க வேண்டும். தொழுகைக்கு முன் நாடோறும் முகமும் கைகளும் கால்களும் கழுவும் வழக்கமுடையோர்க்கு அவ்வேளையே கையாலும் தடவிப் பார்க்கும் வேளையாகும். ஐயமான இடத்தை நாளிட்டு ஒளிப்படம் எடுத்து வைத்தால், அடுத்த மாதம் வளர்ந்துள்ளதா என்ற வழக்குக்கு இடமிராது. நோய்நிர்ணய அட்டையும் நோயியல் அறிக்கையும் ஒரே உறையில், காணி உறுதியோடு வைக்கத்தக்கவை. பத்தாண்டு கழித்து வேறொரு வைத்தியசாலையில், வேறொரு வைத்தியர் முன்னே, முதல் வெட்டு எங்கே எவ்வளவு ஆழத்தில் நிகழ்ந்தது என்பதற்கு அவையே சாட்சி.